ஐந்து வயதுப் பிள்ளைகள் நாடகம் பார்த்து என்ன கற்றுக்கொள்வார்கள்?

ஐந்து வயதுப் பிள்ளைக்கு நாடகம் புரியுமா, தூக்கம் கெடுவதுதான் மிச்சமா என்று கேட்டிருக்கிறீர்கள். கதை முழுதும் புரியாதுதான். ஆனால் அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று யோசிக்கும் பழக்கத்துக்கு நாடகத்தைப் போன்ற பயிற்சி வேறில்லை என்பது, மதுரைப் பக்கத்துத் திருவிழா நாடகங்களுக்கு வீட்டுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் என் கருத்து.

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வேடனாக வந்த முருகன் பிறகு தள்ளாடும் கிழவனாக வந்து நிற்கும்போது, அவன் யார் என்பது பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குத் தெரியும்; வள்ளிக்குத் தெரியாது. தனக்குத் தெரிந்தது பிறருக்குத் தெரியாமல் இருக்கக்கூடும் என்பது குழந்தைகளுக்கு ஏறத்தாழ நான்கு வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் என் அண்ணன் மகள் பொறுக்கமாட்டாமல், "அக்கா, அது தாத்தா இல்ல, முருகன்!" என்று கத்திவிட்டாள். வள்ளியாக நடித்தவர், "எனக்குத் தெரியலையே தாயி" என்று அவளுக்குப் பதில் சொல்லிவிட்டே பாட்டைத் தொடர்ந்தார். செல்பேசித் திரையில் இது நடக்காது.

அடுத்து, காது கொடுத்துக் கேட்பது. ஸ்பெஷல் நாடகம் எனப்படும் இவ்வகைத் திருவிழா நாடகத்தில் வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் ஒத்திகையின்றியே மேடையேறுகிறார்கள். ஆகவே நாரதரும் வள்ளியும் செய்யும் தர்க்கத்தில், எதிராளி சொன்னதை முழுக்கக் கேட்டால்தான் ஏற்ற பதில் வரும். சொற்களின் பொருள் பாதி விளங்காவிட்டாலும், ஒருவர் முடித்த பிறகு மற்றவர் தொடங்கும் அந்த ஒழுங்கைப் பிள்ளைகள் கவனித்துக்கொள்கிறார்கள். (1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடித்தவர்கள் சிறுவர்களே. அக்காலத்து பாய்ஸ் கம்பெனிகளின் கெடுபிடியை நான் புகழவில்லை. பிள்ளைகளின் காதும் நினைவும் எவ்வளவு கூர்மையானவை என்பதற்காகச் சொல்கிறேன்.)

கோமாளி வந்து சிரிக்கவைக்கும் பபூன் காமிக்கில் இரட்டை அர்த்தப் பேச்சு தாராளமாக வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கடைப்பக்கம் அழைத்துப் போய்விடுங்கள். விடியும்வரை நடக்கும் நாடகம் என்பதால், மாலையிலேயே கொஞ்சம் தூங்கவைத்து, ஒலிபெருக்கிக்குத் தள்ளி இடம் பிடியுங்கள். மறுநாள் கதையின் நீதியைக் கேட்டு நச்சரிக்காமல், வள்ளிக்கு ஏன் அடையாளம் தெரியவில்லை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.