காப்பகக் கட்டணத்தை யார் கணக்கில் எழுதுவது?

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 31. கடலூர் மஞ்சக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவர் சிப்காட்டில் ஒரு தனியார் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். பிடித்தம் போகக் கைக்கு 36,000 ரூபாய் வருகிறது. மகளுக்கு ஐந்து வயது, யு.கே.ஜி. படிக்கிறாள். மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம். திருமணத்துக்கு முன்பிருந்தே நான் புதுச்சேரியில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டுகள் வேலை பார்த்தேன். இரண்டாவது பிரசவ விடுப்பு முடிந்தபோது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் வேலையை விட்டேன். மாமியாருக்கு மூட்டு வலி, குழந்தையைத் தூக்க முடியாது. இப்போது அதே நிறுவனம், கைக்கு 21,000 ரூபாய் வரும்படி திரும்பக் கூப்பிடுகிறது. காப்பகம், பஸ் எல்லாம் போக 8,500 ரூபாய்தான் மிஞ்சுகிறது. "இந்த எட்டாயிரத்துக்காகவா இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகணும்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வேலைக்குப் போகாவிட்டால், என் பி.எஃப். கணக்கில் உள்ள சுமார் 2,20,000 ரூபாயை எடுத்து மகள் பெயரில் செல்வமகள் கணக்கில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். போன ஜூனில் பள்ளிக் கட்டணத்துக்கும் மகனின் மருத்துவச் செலவுக்குமாக என் இரண்டு வளையல்களை 70,000 ரூபாய்க்கு அடகு வைத்தோம். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் வட்டி. நகைக்கடைச் சீட்டு மாதம் 2,000 ரூபாய் கட்டுகிறோம், ஏழு மாதம் முடிந்திருக்கிறது. மாதக் கணக்கை எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் அனுப்பிய தாளை, உங்கள் மகளின் நான்கு கோடு நோட்டிலிருந்து கிழித்தது போலிருக்கிறது, பலமுறை பார்த்தேன். நடுவில் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் 'அவர்' என்றும் வலப்பக்கம் 'நான்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவர் பக்கத்தில் வாடகை, மளிகை, பால், பெட்ரோல், பள்ளி வேன், நகைச்சீட்டு, அடகு வட்டி. உங்கள் பக்கத்தில், இன்னும் வராத 21,000 ரூபாய்க்குக் கீழே, காப்பகம் 5,000, பள்ளி விட்டதும் மகளைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு 2,500, பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் 2,600, பாத்திரம் தேய்க்க ஆளும் கடையில் வாங்கும் இட்லி மாவும் 2,400. மொத்தம் 12,500. கூட்டல் கழித்தலில் பிழை ஏதும் இல்லை. ஆனால் காப்பகக் கட்டணத்தை உங்கள் சம்பளத்துக்குக் கீழே எழுதியதுதான் இந்தத் தாளில் உள்ள பெரிய பிழை என்று எனக்குப் படுகிறது.

உங்கள் கணவர் காலையில் நிம்மதியாக ஷிப்டுக்குக் கிளம்புவது, வீட்டில் இரண்டு குழந்தைகளையும் ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்பதால்தான். கடந்த பல மாதங்களாக அந்த ஒருவர் நீங்கள். அந்த உழைப்புக்குத் தாளில் எந்தத் தொகையும் எழுதப்படவில்லை. நாளை அந்த வேலையைக் காப்பகமும் பக்கத்து வீட்டு அம்மாவும் செய்யும்போது மட்டும் அது திடீரென்று உங்கள் ஒருவருடைய செலவாக மாறிவிடுவது எப்படி நியாயம்? பெட்ரோலும் பள்ளி வேனும் குடும்பத்தின் செலவென்றால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் 7,500 ரூபாயும் குடும்பத்தின் செலவுதான். அதை இருவரின் மொத்த வருமானமான 57,000 ரூபாய்க்குக் கீழே எழுதிப் பாருங்கள். நீங்கள் வேலைக்குப் போவதால் குடும்பத்துக்குக் கூடுதலாக மிஞ்சுவது அதே 8,500 ரூபாயாகத்தான் இருக்கும்; ஆனால் "எட்டாயிரத்துக்காகவா போகணும்" என்ற கேள்வி எழாது. அதற்குப் பதில், "இந்த இரண்டு ஆண்டுகளைக் குடும்பமாக எப்படிக் கடப்பது" என்று பேச ஆரம்பிப்பீர்கள்.

இரண்டு ஆண்டுகள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் மகன் எல்.கே.ஜி.க்குப் போகும்போது முழுநாள் காப்பகச் செலவு தானாகக் குறையும். பள்ளிக் கட்டணம் வரும், ஆனால் அது நீங்கள் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் வரப்போகிற செலவு. கணக்குப் பிரிவில் ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவரை அதே நிறுவனம் இன்று தேடிக் கூப்பிடுகிறது. நான்கைந்து ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இதே சம்பளத்தில் கூப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு காத்திருக்க முடியாது.

கைக்கு வரும் தொகையை மட்டும் பார்ப்பதால் இன்னொன்றும் விட்டுப்போகிறது. உங்கள் அடிப்படைச் சம்பளம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 12 சதவீதமாக 1,800 ரூபாய் உங்களிடமிருந்து பி.எஃப்.-க்குப் போகும், நிறுவனமும் தன் பங்காக 1,800 ரூபாய் போடும். நிறுவனத்தின் பங்கில் 1,250 ரூபாய் ஓய்வூதியத் திட்டத்துக்கும் மீதி 550 ரூபாய் பி.எஃப். கணக்குக்கும் சேரும். ஆக, வீட்டுச் செலவில் கரையாமல் மாதம் 3,600 ரூபாய் உங்கள் பெயரில் சேர்கிறது. 8,500 என்று நீங்கள் எழுதியது உண்மையில் 12,100.

இப்போது கணவரின் யோசனைக்கு வருகிறேன். மகளின் எதிர்காலத்தைப் பற்றிய அவருடைய அக்கறை நல்லது. ஆனால் அதற்குப் பி.எஃப். பணத்தை எடுக்க வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறேன். செல்வமகள் சேமிப்புத் திட்டம் தருவது 8.2 சதவீதம், 2024 ஜனவரியிலிருந்து. பி.எஃப். 2024-25 ஆண்டுக்கு அறிவித்த வட்டி 8.25 சதவீதம். அதிக வட்டியில் இருக்கும் பணத்தை எடுத்துச் சற்றே குறைந்த வட்டியில் போடுவதால் குடும்பத்துக்கு ஒரு ரூபாய்கூட லாபம் இல்லை. உங்கள் பெயரில் இருந்த ஒரே சேமிப்பு உங்கள் பெயரை விட்டுப் போவது மட்டும்தான் நடக்கும். தவிர, செல்வமகள் கணக்கில் ஓராண்டில் 1,50,000 ரூபாய்க்கு மேல் போட முடியாது என்பதால் முழுத்தொகையும் ஒரே ஆண்டில் அங்கே போகவும் போகாது. நீங்கள் மீண்டும் வேலையில் சேர்ந்து பழைய யு.ஏ.என். எண்ணையே (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். உறுப்பினர் எண்) கொடுத்தால் கணக்கு அப்படியே தொடரும். இன்றுள்ள 2,20,000 ரூபாய், மேற்கொண்டு ஒரு ரூபாயும் சேராமல், 8.25 சதவீத வட்டி இதே அளவில் நீடித்தால், உங்கள் 58-ஆவது வயதில் 18 லட்சத்தைத் தாண்டியிருக்கும். ஓய்வூதியத்துக்கு மொத்தம் பத்து ஆண்டு சேவை வேண்டும். உங்களுக்கு ஆறு முடிந்துவிட்டது, இன்னும் நான்குதான். பி.எஃப். எடுக்கும்போது ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுத்துவிட்டால், அந்த ஆறு ஆண்டுகளும் கணக்கிலிருந்து போய்விடும். பிரசவத்துக்குப் பின் வேலையை விட்ட பெண்கள் முதலில் செய்வது பி.எஃப்.-ஐ எடுத்து வீட்டுத் தேவைக்குக் கொடுப்பதுதான் என்பதை என் அனுபவத்தில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பின்னாளில் அவர்கள் வருத்தத்தோடு பேசுவதும் இதைப் பற்றித்தான்.

மகளுக்குச் செல்வமகள் கணக்கு கட்டாயம் தொடங்குங்கள், ஆனால் மாதச் சேமிப்பிலிருந்து. பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும் என்பதால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது. பிறப்புச் சான்றிதழும் உங்கள் அடையாள ஆவணங்களும் எடுத்துக்கொண்டு அஞ்சலகத்துக்கோ வங்கிக்கோ போனால் போதும். ஆண்டுக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் கட்ட வேண்டும். 15 ஆண்டுகள் கட்டி, தொடங்கி 21 ஆண்டுகள் முடிந்ததும் முதிர்வுத் தொகை பெறலாம். மாதம் 1,000 ரூபாய் கட்டினால், மொத்தம் 1,80,000 ரூபாய் கட்டியிருப்பீர்கள். இன்றைய வட்டி மாறாமல் இருந்தால் முதிர்வில் ஏறத்தாழ ஐந்தரை லட்சம் கிடைக்கும். பதினெட்டு வயதுக்குப் பின்னோ பத்தாம் வகுப்பு முடித்த பின்னோ, மேற்படிப்புக்காக இருப்பில் பாதி வரை எடுக்கலாம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். அதன் பிறகு கட்டிய பணத்துக்கு அந்த மாத வட்டி சேராது.

ஆனால் செல்வமகளுக்கும் முன்பாகக் கவனிக்க வேண்டியது அந்த வளையல்கள். நூற்றுக்கு ஒன்றரை ரூபாய் என்று காதில் விழும்போது சிறிதாகத் தெரிகிறது. ஆண்டுக்கு 18 சதவீதம் அது. 70,000 ரூபாய்க்கு மாதம் 1,050, ஆண்டுக்கு 12,600 ரூபாய். இதே தாளில், அடகு வட்டிக்கு நேர் மேலே, நகைச்சீட்டு 2,000 என்று இருக்கிறது. கையில் இருந்த நகைக்கு வட்டி கட்டிக்கொண்டே புது நகைக்குச் சீட்டுக் கட்டுகிறோம் என்பதை நீங்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சீட்டை இப்போது பாதியில் நிறுத்தினால் கடை தருவதாகச் சொன்ன சலுகை போய்விடும் என்பதால் மீதி நான்கு மாதத்தையும் கட்டி முடியுங்கள்; அடுத்த சீட்டில் சேர வேண்டாம். அடகை வங்கிக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். வங்கி நகைக்கடன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 9, 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். நூற்றுக்கு எண்பது காசு அளவுதான். மாற்றும்போது மதிப்பீட்டுக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில் சேர்ந்தால், மிஞ்சும் 8,500 ரூபாயில் 6,000 ரூபாயை மாதாமாதம் அடகின் அசலில் கட்டி வாருங்கள். இப்போது கட்டும் வட்டியையும் நிறுத்தாமல் கட்டினால் ஓராண்டுக்குள் வளையல்கள் வீடு வந்து சேரும். 1,500 ரூபாயை உங்கள் பெயரில் வங்கியில் பன்னிரண்டு மாதத் தொடர் வைப்பாகப் போடுங்கள். அது ஜூன் மாதக் கட்டணத்துக்கு. பள்ளிக் கட்டணம் திடீரென்று வருகிற செலவே இல்லை. எந்த மாதம் வரும், எவ்வளவு வரும் என்று முன்பே தெரிந்த செலவு. அதற்காக ஒவ்வொரு ஜூனிலும் கை வளையலைக் கழற்றும் நிலை இனி வரக்கூடாது. மீதி 1,000 ரூபாய் செல்வமகளுக்கு.

கையிருப்பாக எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை. குறைந்தது மூன்று மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும், அடகு தீர்ந்த பிறகு அந்த 6,000 ரூபாயை முதலில் அதற்குத் திருப்புங்கள். நம் ஊரில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2011 டிசம்பரில் தானே புயல், 2015-இல் வெள்ளம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று கடலூரும் புதுச்சேரியும் பட்டது நமக்குத் தெரியும். மழை வலுத்தால் பள்ளிக்கு விடுமுறை, காப்பகம் மூடியிருக்கும், பஸ் வராது. அந்த நாட்களில் விடுப்பு எடுப்பது பெரும்பாலும் தாய்தான். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சம்பளம் சிறிது குறையலாம் என்று இப்போதே எண்ணி வையுங்கள்.

பணத்தில் அடங்காத ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. அரியாங்குப்பம், மரப்பாலம் நெரிசலைக் கடந்து போய் வர, ஒரு நாளில் பத்துப் பதினோரு மணி நேரம் வீட்டுக்கு வெளியே இருப்பீர்கள். ஒன்றே முக்கால் வயதுக் குழந்தைக்கு அது நீண்ட நேரம். ஆகவே சேரும் தேதியைச் சொல்வதற்கு முன் நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனம் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்று 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம் வகுத்தது. உங்கள் நிறுவனத்தில் அந்த வசதி உண்டா, இல்லையென்றால் உங்கள் காப்பகக் கட்டணத்தில் ஒரு பங்கைத் தருவார்களா என்பது முதல் கேள்வி. காலையில் அரை மணி தாமதமாக வந்து மாலையில் ஈடுசெய்யவோ, வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து கணக்கு வேலையைச் செய்யவோ முடியுமா என்பது இரண்டாவது. அவர்களே தேடி அழைத்திருப்பதால் தயங்காமல் கேட்கலாம். வேலையில் சேர்வதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே மகனைக் காப்பகத்தில் முதலில் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள் என்று விட்டுப் பழக்குங்கள். அந்த ஒரு மாதக் கட்டணம் வீண் செலவில்லை.

இவ்வளவு யோசித்த பிறகும், மகனுக்கு மூன்று வயது ஆகும் வரை வீட்டில் இருப்பதுதான் உங்கள் மனதுக்குச் சரி என்று பட்டால், தயங்காமல் இருங்கள். அதுவும் முறையான முடிவுதான். ஆனால் அந்த முடிவின் பாரம் உங்கள் மேல் மட்டும் விழக்கூடாது. கணவரின் சம்பள நாளன்றே 2,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும்படி நிலையான உத்தரவு கொடுக்கச் சொல்லுங்கள். நகைச்சீட்டு முடியும் மாதத்திலிருந்து அதே தொகையை அதற்குத் திருப்பினால் வீட்டுக்குப் புதுச் சுமை வராது. குழந்தைக்கு மருந்து வாங்கவும், அம்மா வீட்டுக்குப் போகப் பஸ்ஸுக்கும் ஒருவரிடம் கேட்டு வாங்கும் நிலை, வேலைக்குப் போய்ப் பழகியவருக்கு எவ்வளவு கடினம் என்பது நீங்கள் எழுதாவிட்டாலும் எனக்குப் புரிகிறது.

எந்த முடிவெடுத்தாலும் கணவர் பெயரில் ஒரு டேர்ம் காப்பீடு, அதாவது குறிப்பிட்ட காலத்துக்குள் இறப்பு நேர்ந்தால் மட்டும் குடும்பத்துக்குத் தொகை தரும் ஆயுள் காப்பீடு, இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதால் பிரீமியச் சுமை குறைந்திருக்கிறது. உங்களுக்கும் காப்பீடு தேவை. உங்கள் வங்கியிலேயே பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு இரண்டு லட்சம் ஆயுள் காப்பீடும், சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு இரண்டு லட்சம் விபத்துக் காப்பீடும் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, திருமணத்துக்கு முன் வேலையில் சேர்ந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அப்போது பி.எஃப். கணக்குக்கு உங்கள் பெற்றோரில் ஒருவரை நியமனதாரராக (நாமினி) காட்டியிருப்பீர்கள். திருமணத்துக்குப் பின் அந்த நியமனம் செல்லாது. பி.எஃப். இணையதளத்தில் யு.ஏ.என். எண்ணோடு நுழைந்து, கணவரையும் இரண்டு குழந்தைகளையும் சேர்த்து, யாருக்கு எத்தனை சதவீதம் என்று குறிப்பிட்டு, ஆதார் வழியாகக் கையொப்பமிட்டால்தான் புதிய நியமனம் பதிவாகும். இந்த ஞாயிற்றுக்கிழமை மகன் மதியம் தூங்கும் நேரத்தில் அதை முடித்துவிடுங்கள்.