பழைய கம்ப்யூட்டரில் பஸ் மோட் போட்டதும் கேம் திக்குகிறது, கிராபிக்ஸ் கார்டை மாற்றித்தான் ஆகணுமா?

திருமங்கலத்திலிருந்து நீங்கள் கொடுத்திருக்கும் விவரம்: மூன்றாம் தலைமுறை ஐ5, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி ரேம், 2 ஜிபி ஜிடி 710 கார்டு, ஹார்ட் டிஸ்க். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 தனியாக ஒழுங்காக ஓடுகிறது. மதுரைக் கோட்ட அரசு பஸ், ஒரு ஆம்னி பஸ், சாலையில் ஓடும் மற்ற வண்டிகளுக்கான டிராஃபிக் பேக் என மூன்று மோட்களை (கேமில் தனியாகச் சேர்க்கும் கூடுதல் கோப்புகளை) போட்ட பிறகு வளைவில் திரும்பும்போதெல்லாம் படம் அரை வினாடி நின்று போகிறது.

இப்போதைக்குக் கார்டை மாற்ற வேண்டாம். திரும்பும்போது மட்டும் நிற்கிறது என்றீர்களே, அதுதான் முக்கியமான தடயம். எப்போதும் ஒரே மாதிரி மந்தமாக ஓடினால் காரணம் வேறு. புதிய காட்சி கண்ணில் படும் நேரத்தில் மட்டும் நின்றால், டெக்ஸ்ச்சர்கள், அதாவது மாடல்களின் மேல் ஒட்டப்படும் படங்கள், கார்டின் மெமரிக்குள் அடங்கவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம்.

கணக்கைப் பாருங்கள். 4096-க்கு 4096 அளவுள்ள ஒரு டெக்ஸ்ச்சர் சுருக்கப்படாமல் இருந்தால் 64 எம்பி. தூரத்துக்கு ஏற்ற சிறிய பிரதிகளான மிப்மேப்களையும் சேர்த்தால் சுமார் 85 எம்பி. அதே படம் பிசி3 (BC3) வகைச் சுருக்கத்தில் சுமார் 21 எம்பி, பிசி1 (BC1) வகையில் சுமார் 11 எம்பி. ஒரு பஸ்ஸுக்கு இப்படி முப்பது படம் பிசி3-ல் இருந்தால் 640 எம்பி ஆகிவிடும். இரண்டு பஸ், டிராஃபிக் வண்டிகள், கேமின் சொந்தச் சாலை, மரம், கட்டடம் எல்லாம் சேரும்போது 2 ஜிபி நிரம்பிவிடும். டவுன்லோடு செய்த மோட் கோப்பின் அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். பிஎன்ஜி, ஜேபெக், ஜிப் சுருக்கமெல்லாம் டிஸ்க்கில் இடத்தை மிச்சப்படுத்தும், அவ்வளவுதான். கார்டுக்குப் போகும்போது அவை விரிந்துவிடும். பிசி வகைச் சுருக்கம் மட்டும்தான் கார்டுக்குள்ளும் சுருக்கமாகவே இருக்கும்.

நிரம்பிய பிறகு நடப்பதுதான் பழைய மெஷினை முடக்குகிறது. டிடிஆர்3 வகை ஜிடி 710 தன் சொந்த மெமரியிலிருந்து வினாடிக்கு 14.4 ஜிபி வரை எடுக்க முடியும். அங்கே இல்லாத படத்தை மெயின் ரேமிலிருந்து, கார்டு செருகியிருக்கும் ஸ்லாட் வழியாகக் கொண்டுவர வேண்டும். அந்த வழியின் உச்சமே வினாடிக்கு 4 ஜிபி. ரேமும் நிரம்பிவிட்டால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து வரவேண்டும், அது நல்ல நாளிலேயே 100 எம்பி சொச்சம்தான். வளைவில் நீங்கள் பார்க்கும் அந்த அரை வினாடி இந்த வேக இறக்கம்தான். ஒரு படம் பெரியதாக இருப்பதால் மட்டும் கேம் மெதுவாகாது. உள்ளே அடங்கும்வரை 4கே படமும் பெரிய வித்தியாசமில்லாமல் ஓடும். அடங்காத நிமிஷத்தில்தான் எல்லாம் சரியும்.

உறுதிப்படுத்திக்கொள்ள டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ் பக்கம் போய் ஜிபியு-வைத் திறந்து வையுங்கள். கேமை விண்டோ மோடில் ஓட்டினால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கலாம். டெடிகேட்டட் மெமரி 2 ஜிபியை ஒட்டி நின்று, ஷேர்டு மெமரி ஏறிக்கொண்டே போனால் சந்தேகமே வேண்டாம். (கார்டு இல்லாமல் மூன்றாம் தலைமுறை இன்டெலின் உள் கிராபிக்ஸில் ஓட்டுபவர்களுக்கு இந்தப் பக்கம் தெரியாது, டிரைவர் பழையது. அவர்கள் ஜிபியு-இசட் பயன்படுத்தலாம்.) பிறகு மூன்று மோடையும் எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். எது எவ்வளவு ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும்.

இனி படங்களைச் சிறிதாக்குவது. மோட் கோப்பை முதலில் காப்பி எடுத்து வையுங்கள். பூட்டப்படாத எஸ்சிஎஸ் கோப்புகள் (மோட் வரும் வடிவம்) பல, 7-ஜிப்பிலேயே திறக்கும். உள்ளே உள்ள டிடிஎஸ் படங்களை அளவு வாரியாக அடுக்கி, பெரியவற்றை பெயிண்ட்.நெட்டில் திறந்து நீளம், அகலம் இரண்டையும் பாதியாக்குங்கள். இடம் கால்வாசியாகக் குறையும். சேமிக்கும்போது மிப்மேப் உருவாக்கும் பெட்டியில் கட்டாயம் டிக் போடுங்கள். அதை விட்டால் தூரத்து வண்டிகள் மினுமினுக்கும், கார்டும் தேவையில்லாமல் பெரிய படத்தையே படித்துக்கொண்டிருக்கும். ஒளி ஊடுருவாத படத்துக்கு பிசி1 போதும். ஜன்னல் கண்ணாடி, கிரில் மாதிரி ஆல்ஃபா (ஊடுருவித் தெரியும் அளவு) உள்ளதற்கு பிசி3. மேடு பள்ளத்தைக் காட்டும் நார்மல் மேப் படத்தை பிசி1-ல் போடாதீர்கள், பாடியில் கட்டம் கட்டமாக வெளிச்சம் விழும்.

எதைக் குறைப்பது என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும். சீட் துணி, டயர், தரை ரப்பர், இன்ஜின் அடிப்பாகம் இதெல்லாம் 1024 இருந்தாலே அதிகம், 512-க்கும் இறக்கலாம். பாடி பெயின்ட்டை 2048-ல் நிறுத்துங்கள். 'மாட்டுத்தாவணி' என்று எழுதிய முகப்புப் பலகையைத் தொடவே வேண்டாம். எழுத்து கரைந்துவிட்டால் பஸ்ஸின் அழகே போய்விடும், அது பிடிக்கும் இடமும் சிறியதுதான்.

டிராஃபிக் பேக் வேறு விதமான சுமை. பல மோட்களில் தூரத்துக்கென்று எளிய மாடல் இருக்காது. 300 மீட்டர் தள்ளி நிற்கும் பஸ்ஸும் போல்ட், நட்டு உட்பட முழுசாக வரையப்படும். உங்கள் பஸ்ஸில் பின்னால் வருவதைக் காட்டும் ஒவ்வொரு கண்ணாடியும் அந்தக் காட்சியை இன்னொரு முறை வரையும். ஆகவே கண்ணாடித் தரத்தையும் கண்ணாடிக்குள் தெரியும் தூரத்தையும் குறைத்துவிடுங்கள். பழைய மெஷினில் இந்த ஒரு செட்டிங் தருகிற நிம்மதி பெரியது. சுமை எங்கே என்று சோதிக்க, ரெசல்யூஷனை 1920-க்கு 1080-லிருந்து 1280-க்கு 720 ஆக்குங்கள். புள்ளிகள் பாதிக்கும் கீழே போகும். அப்படியும் எஃப்பிஎஸ் (வினாடிக்கு எத்தனை முறை திரை வரையப்படுகிறது என்ற எண்) அசையவில்லை என்றால் பிராசஸரோ மாடல்களின் கனமோதான் பிடித்து இழுக்கிறது. டெக்ஸ்ச்சரைக் குறைத்துப் பயனில்லை, அந்தப் பேக்கையே எடுத்துவிடுங்கள்.

தொடங்கி பதினைந்து இருபது நிமிடம் நன்றாக ஓடிப் பிறகு எல்லா இடத்திலும் மந்தமானால் மோடைக் குறை சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் மதுரைப் பக்கத்து மாடி அறையில், ஃபேன் இல்லாத ஹீட்சிங்க் கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தூசியை ஊதி, பிராசஸரின் தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்து, கேபினட்டைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

செலவு செய்வதென்றால் முதல் செலவு சாட்டா எஸ்எஸ்டி. அடுத்தது, இருக்கிற ஸ்டிக்கோடு ஜோடியாகும் 1600 வேக டிடிஆர்3 ரேம், செகண்ட் ஹேண்டிலேயே போதும். உள் கிராபிக்ஸில் ஓட்டுபவர்களுக்கு இந்த இரண்டாவது ஸ்டிக்தான் முதல் மருந்து. வினாடிக்கு 12.8 ஜிபி என்பது 25.6 ஆகும். இத்தனைக்குப் பிறகும் கார்டு வாங்கித்தான் தீருவேன் என்றால், டவுன் ஹால் ரோட்டில் ஜிடி 1030 கேட்கும்போது அட்டைப்பெட்டியைத் திருப்பிப் படியுங்கள். அதே பெயரில் இரண்டு வகை உண்டு. ஜிடிடிஆர்5 வகை வினாடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 வகை 16.8 ஜிபி மட்டுமே. இரண்டாவது வகைக்குக் காசு கொடுக்காதீர்கள்.