என்ஜினை இறக்குமுன் புகையைக் கவனியுங்கள்

பழைய கார்களில் வரும் புகை பற்றியும், ஆயில் குறைவது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கேள்வி: என்னுடையது 16 வருடப் பழைய பெட்ரோல் கார். 1,70,000 கி.மீ. ஓடியிருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரிலிருந்து குப்பென்று நீலப் புகை கிளம்புகிறது. அரை நிமிடத்தில் அடங்கிவிடும். பிறகு நாள் முழுக்கப் புகையே இல்லை. மெக்கானிக் "ரிங் போயிடுச்சு, என்ஜினை இறக்கணும்" என்கிறார். இறக்கிவிடலாமா?

பதில்: பொறுங்கள், இப்போதைக்கு வேண்டாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது என்பது சரிதான். ஆனால் அந்த ஆயில் எந்த வழியாக உள்ளே போகிறது என்பதை நிறம் சொல்லாது. புகை எப்போது வருகிறது என்பதுதான் சொல்லும். நீங்கள் எழுதியிருப்பது வால்வு சீல் கெட்டதற்கான அடையாளம். வால்வுத் தண்டு வழியே ஆயில் இறங்காமல் தடுக்கும் அந்த ரப்பர் வருடக்கணக்கில் சூட்டில் வெந்து விறைத்துப் போகும். இரவில் ஹெட்டில் (சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் பகுதி) தங்கியிருக்கும் ஆயில் வால்வுத் தண்டை ஒட்டிச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சேர்ந்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிந்து தீர்ந்துவிடும். ரிங் (பிஸ்டனைச் சுற்றியுள்ள உலோக வளையம்) தேய்ந்த என்ஜின் அப்படி இல்லை. அது நன்றாகச் சூடான பிறகும், மேடேறும்போதும், பாரம் ஏற்றிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போதும் புகைத்துக்கொண்டே இருக்கும்.

உறுதிப்படுத்த இரண்டு சோதனைகள் போதும். என்ஜின் சூடான பிறகு நான்கைந்து நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு ஒருமுறை ரேஸ் செய்யுங்கள். அடுத்து, நீண்ட இறக்கத்தில் கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, அடிவாரத்தில் மறுபடி மிதியுங்கள். அந்த நேரத்தில் நீலமாக ஒரு வீச்சு வந்தால் வால்வு சீலோ, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழலான வால்வு கைடோதான் காரணம். த்ராட்டில் (காற்று வழியின் மடல்) மூடியிருக்கும்போது மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் குழாய்) வெற்றிடம் மிக அதிகம். அது வால்வு கைடு வழியாக ஆயிலை உறிஞ்சுகிறது. இதைக் கண்ணாடியில் பார்த்து முடிவு செய்ய முடியாது. பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவர் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

பல என்ஜின்களில் ஹெட்டைக் கழற்றாமலே சீல் மாற்றலாம். அந்த சிலிண்டரின் பிஸ்டனைச் சரியாக மேல் எல்லைக்குக் கொண்டுவந்து, பிளக் துளை வழியாக 6 பார் (அழுத்த அலகு) அளவுக்குக் காற்று ஏற்றினால் வால்வு மூடியே நிற்கும். பிஸ்டன் மேல் எல்லையில் இல்லாவிட்டால் காற்று கிராங்கையே (பிஸ்டன்களோடு இணைந்து சுழலும் தண்டு) சுழற்றிவிடும், கவனம். ஸ்ப்ரிங்கை அழுத்திக் காட்டர்களை (ஸ்ப்ரிங்கைத் தண்டில் பூட்டும் சிறு துண்டுகள்) எடுத்து, பழைய சீலை உருவி, புதியதைப் போடும்போது தண்டின் முனையில் பிளாஸ்டிக் உறையை மாட்டிக்கொள்ளுங்கள். உறை இல்லாமல் தள்ளினால் தண்டில் இருக்கும் காடி, புதுச் சீலின் உதட்டைக் கிழித்துவிடும். போட்ட அன்றே அது வீண். ஸ்ப்ரிங் வெளியே இருக்கும்போதே, தண்டில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிட்டுக் காற்றை நிறுத்தி, வால்வைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். கையில் தெரிகிற அளவு ஆடினால் கைடு தேய்ந்திருக்கிறது. அப்போது புதுச் சீல் நீண்ட நாள் தாங்காது; ஹெட்டை இறக்கிக் கைடு மாற்றுவதுதான் வழி.

கேள்வி: டிப்ஸ்டிக்கில் ஆயில் குறைகிறது, ஆனால் புகையே தெரியவில்லை. கார் ஆயில் குடிக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அளந்து பார்க்க வேண்டும். மட்டமான இடத்தில் நிறுத்தி, சூடான என்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து, மேல் கோடு வரை ஆயில் ஊற்றிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 1,000 கி.மீ. ஓடியதும் அதே இடத்தில், அதே முறையில் பார்த்து, மறுபடி மேல் கோட்டைத் தொட எத்தனை மில்லி தேவைப்படுகிறது என்று அளவு ஜாடியால் ஊற்றிப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஏறக்குறைய 1 லிட்டர் இருக்கும். பழைய என்ஜின் 3,000 அல்லது 4,000 கி.மீ.க்கு 1 லிட்டர் குடித்தால், ஊற்றிக்கொண்டு ஓட்டலாம். 1,000 கி.மீ.க்கு 1 லிட்டர் என்றால், கையேடு அனுமதித்தாலும் காரணத்தைத் தேட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்பதே எங்கள் கருத்து.

எரிகிறது என்று முடிவு கட்டுமுன் ஒழுகுகிறதா என்று பாருங்கள். இரவில் என்ஜினுக்கு அடியில் அட்டையை விரித்து வையுங்கள். வால்வு கவர் கேஸ்கெட், ஆயில் பிரஷர் ஸ்விட்ச், ஃபில்டர் உட்காரும் இடம், கியர்பாக்ஸ் இணையும் இடத்தில் உள்ள பின்பக்க கிராங்க் சீல், இவைதான் வழக்கமான இடங்கள். ஒழுகல் எதுவும் இல்லையென்றால் எரிகிறது. சிறிதளவு ஆயிலின் புகையைக் கேடலிட்டிக் கன்வெர்ட்டரே எரித்து மறைத்துவிடும், அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் ஆயிலில் இருக்கும் பாஸ்பரஸ் அந்தக் கன்வெர்ட்டரை மெல்ல மெல்லச் செயலிழக்கச் செய்யும்.

தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வையுங்கள். எரியாத பெட்ரோலும் நீராவியும் ஆயிலோடு கலந்து மட்டத்தைத் தூக்கிக் காட்டும். ஒருநாள் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போய் வந்தால் அவை ஆவியாகி, ஆயில் திடீரென்று குறைந்ததுபோல் தெரியும். ஆகவே அளக்கும் 1,000 கி.மீ.யில் நெடும் பயணமும் கலந்திருக்கட்டும். மேல் கோட்டைத் தாண்டி ஊற்றவும் கூடாது. கிராங்க் அதை அடித்து நுரையாக்கும், அந்த நுரை, கிராங்க் அறையின் ஆவியைக் கொண்டுபோகும் மூச்சுக் குழாய் வழியாக உறிஞ்சப்பட்டுப் புகையாக வரும்.

டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கு அளவைக் காட்டுவதில்லை. அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும். அதற்குள் பேரிங் காயப்பட்டிருக்கலாம். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்ப்பதற்கு மாற்று எதுவும் இல்லை.

கேள்வி: கம்ப்ரஷன் டெஸ்ட் செய்தோம். நான்கு சிலிண்டரிலும் 12 பார். எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். ஆனால் 800 கி.மீ.க்கு 1 லிட்டர் ஆயில் போகிறது. இது எப்படி?

பதில்: பலரும் ஏமாறுகிற இடம் இது. பிஸ்டனில் மூன்று ரிங்குகள் உண்டு. மேலே உள்ள இரண்டும் கம்ப்ரஷனைத் தாங்குபவை. மூன்றாவது ஆயில் ரிங், சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது. கம்ப்ரஷன் டெஸ்ட் முக்கியமாக மேல் இரண்டையும் வால்வையும்தான் சோதிக்கிறது. ஆயில் ரிங்கின் பின்னால் இருக்கும் வடிகால் துளைகள் கரியால் அடைபட்டு, ரிங்கும் தன் காடியிலேயே ஒட்டிக்கொண்டால், கம்ப்ரஷன் எண் அழகாகவே வரும், ஆயிலும் போய்க்கொண்டே இருக்கும். இன்னும் சொல்லப்போனால், சிலிண்டருக்குள் ஆயில் மிகுந்தால் அதுவே இடைவெளியை அடைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டிக் காட்டும். ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போட்டே ஓட்டிய என்ஜின்களுக்கும், ஒருமுறையாவது கடுமையாகச் சூடேறிய என்ஜின்களுக்கும் இந்த நோய் அதிகம்.

முதலில் டெஸ்ட் ஒழுங்காக நடந்ததா என்று கேளுங்கள். என்ஜின் சூடாக இருக்க வேண்டும். எல்லா பிளக்கும் வெளியே, த்ராட்டில் முழுக்கத் திறந்து, பெட்ரோலும் இக்னிஷனும் துண்டிக்கப்பட்டு, ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரே எண்ணிக்கையில் ஐந்தாறு சுற்று. சிலிண்டர்களுக்குள் வித்தியாசம் 10 சதவீதத்தைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். எண் குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து, எண் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உள்துளை); ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் சிலிண்டர் பகுதிக்கும் நடுவே உள்ள தகடு).

உங்கள் காரில் அடுத்துப் பார்க்க வேண்டியது பி.சி.வி. வால்வு, அதாவது கிராங்க் அறையின் ஆவியை மேனிஃபோல்டுக்கு அளவாக விடும் வால்வு. இருப்பதிலேயே மலிவான பாகம், ஆனால் இதைப் பார்க்காமலே என்ஜினைப் பிரிக்கிறவர்கள் உண்டு. கழற்றி ஆட்டினால் உள்ளே கடகடவென்று சத்தம் வர வேண்டும். ஐடிலில் ஓடும்போது அதன் முனையில் விரலை வைத்தால் இழுக்க வேண்டும். பிறகு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வாயில் ஒரு காகிதத்தை வையுங்கள். மெதுவாக உள்ளே இழுத்துப் பிடித்தால் நல்லது. காகிதம் தூக்கி எறியப்பட்டால், மூச்சு வழி அடைபட்டிருக்கிறது, அல்லது ரிங்கைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டால் ஆயில் ஆவி நேரடியாக மேனிஃபோல்டுக்குள் போகும். த்ராட்டிலுக்குப் பின்னால் உள்பக்கம் ஆயில் ஈரமாக இருக்கும்.

பிளக்குகளைக் கழற்றினால் சிலிண்டர் வரிசைப்படியே அடுக்குங்கள். எல்லாமே ஒரே மாதிரி ஆயில் ஈரம் என்றால் ரிங் அல்லது மூச்சு வழி. ஒன்று மட்டும் ஈரமென்றால் அந்த சிலிண்டரை மட்டும் துரத்துங்கள். மரையில் ஆயில், முனை காய்ந்திருக்கிறது என்றால், வால்வு கவரில் உள்ள பிளக் குழாய் சீல் மேலிருந்து ஒழுகுகிறது, என்ஜினுக்கு ஒன்றுமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சந்தேகம் ஆயில் ரிங்கிலேயே நின்றால், பிரிக்குமுன் ஊறவைத்துப் பார்க்கலாம். நான்கு பிஸ்டன்களும் ஒரே உயரத்தில், நடுவில் நிற்கும்படி கிராங்கைத் திருப்பி, ஒவ்வொரு துளையிலும் 30 மில்லி அளவு கார்பன் கரைக்கும் திரவம் விட்டு ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, துளைகள்மேல் துணி போட்டு, பிளக் இல்லாமலேயே ஸ்டார்ட்டரால் சுழற்றி (கிராங்க் செய்து) மிச்சத்தை வெளியேற்றுங்கள். இதைச் செய்யாமல் பிளக் மாட்டி ஸ்டார்ட் செய்தால், திரவம் அமுங்காது, கனெக்டிங் ராடு வளையும். திரவம் கீழேயும் இறங்கியிருக்கும் என்பதால், காரை ஓட்டுமுன் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அதற்கடுத்த இரண்டு மாற்றங்களை 3,000 கி.மீ.க்குள் செய்து, மறுபடி அளந்து பாருங்கள். ஒட்டிய ரிங் என்றால் குறைவு தெரியும். தேய்ந்த ரிங்குக்கு எந்தத் திரவமும் மருந்தாகாது.

கேள்வி: வெள்ளைப் புகை வருகிறது. கூலன்ட்டும் குறைகிறது. ஹெட் கேஸ்கெட்தானா?

பதில்: பெரும்பாலும் ஆமாம். குளிர்ந்த என்ஜினில் முதல் சில நிமிடங்கள் வரும் மெல்லிய ஆவி வெறும் நீராவி, சூடானதும் போய்விடும். சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வந்தால் அது கூலன்ட். என்ஜின் முழுக்க ஆறிய பிறகே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அங்கே கைப் பம்பை மாட்டி, மூடியில் எழுதியுள்ள அழுத்தத்துக்குக் காற்று ஏற்றி கால் மணி நேரம் விடுங்கள். பிறகு பிளக் இல்லாமல் கிராங்க் செய்தால், கேஸ்கெட் போன சிலிண்டர் தண்ணீரைப் பீய்ச்சும். ரேடியேட்டர் ஆவியை நீல நிறத் திரவத்தின் வழியே இழுக்கும் சோதனையும் உண்டு. அது மஞ்சளானால் எரிந்த வாயு கூலன்ட்டில் கலக்கிறது. ஆயில் மூடிக்கு அடியில் வெண்ணெய்போல் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள், குறைந்த தூரம் ஓடும் காரில் அது சாதாரண ஈரம். டிப்ஸ்டிக்கில் ஆயிலே பால்போல் இருந்தால் மட்டும் என்ஜினை ஓட்டவே ஓட்டாதீர்கள்.

கூலன்ட் குறையாமல் வெள்ளைப் புகை வந்தால் பிரேக் ஆயில் மட்டத்தைப் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரின் (பிரேக் ஆயிலை அழுத்தும் பாகம்) பின் சீல் கசிந்தால் பூஸ்டர் (என்ஜின் வெற்றிடத்தால் பிரேக் மிதிக்கு உதவும் பாகம்) வழியாகப் பிரேக் ஆயில் என்ஜினுக்குள் உறிஞ்சப்பட்டு எரியும். அது என்ஜின் பிரச்சினையே அல்ல, உயிர்ப் பிரச்சினை.

கேள்வி: டீசல் கார். டர்போ மாற்றியும் நீலப் புகை நிற்கவில்லை. மறுபடி டர்போ மாற்றச் சொல்கிறார்கள்.

பதில்: டர்போவிலிருந்து ஆயில் தன் எடையால் மட்டுமே கீழே வடிகிறது. அந்த வடிகால் குழாய் மடங்கியிருந்தாலோ, கேஸ்கெட் பசை அடைத்திருந்தாலோ, கிராங்க் அறையில் அழுத்தம் கூடியிருந்தாலோ, புத்தம் புது டர்போவும் ஆயில் கக்கும். அடுத்த டர்போ வாங்குமுன் வடிகாலையும் மூச்சு வழியையும் சரிபாருங்கள். பழைய டர்போ கக்கிய ஆயில் இன்டர்கூலரில் (டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) தேங்கியிருந்தால் அதையும் கழுவி வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே பல நாள் புகைக்கும். குழாய்களின் உள்ளே மெல்லிய ஆயில் பூச்சு இருப்பது இயல்பு; தேங்கி நிற்கக் கூடாது. தேக்கம் மிகுந்தால் டீசல் என்ஜின் அந்த ஆயிலையே எரிபொருளாக்கிக்கொண்டு சாவியை அணைத்தாலும் நிற்காமல் ஓடும். மேனுவல் கியர் என்றால் பிரேக்கை முழுக்க மிதித்து, உயர் கியரில் போட்டு, கிளட்சை விட்டு நிறுத்துங்கள்.

கேள்வி: ரிங் மட்டும் மாற்றினால் போதுமா, போர் செய்ய வேண்டுமா?

பதில்: அளவுகோல் சொல்ல வேண்டும், கண் அல்ல. போர் கேஜால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவில், கீழே, இரு திசைகளிலும் அளக்கச் சொல்லுங்கள். தேய்மானம் மேல் ரிங் நிற்கும் இடத்தில்தான் மிக அதிகம். மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் என்ஜின் கையேட்டின் எல்லைக்குள் இருந்தால், வரிவரியாகக் குறுக்கே கோடு விழும்படி ஹோனிங் செய்து (சுவரை உரசித் தேய்த்து) புது ரிங் போட்டால் போதும். கண்ணாடிபோல் பளபளக்கும் சுவரில் புது ரிங் பதியாது. செலவு செய்த பிறகும் புகை நிற்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். எல்லை தாண்டியிருந்தால் ஓவர்சைஸ் போர் (துளையைப் பெரிதாக்கிக் கடைவது), புது பிஸ்டன். முடித்ததும் ஐடிலில் மணிக்கணக்கில் ஓடவிடாதீர்கள். மிதமான பாரத்தில், வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டினால்தான் எரிவாயுவின் அழுத்தம் ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பதிய வைக்கும். முதல் 1,000 கி.மீ.யில் ஆயிலை மாற்றிவிட்டு, மேலே சொன்ன அளவு முறையை அங்கிருந்து தொடங்குங்கள்.