பாம்பன் பாலமும் ரயில் இல்லாத ஒரு படமும்

அன்புள்ள அண்ணன்,

எனக்கு ஊர் உச்சிப்புளி. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒதுக்கியபோது அப்பாவின் பிஸ்கட் டப்பா ஒன்று கிடைத்தது. உள்ளே சுருண்ட நெகட்டிவ்கள், ஒரு சின்ன நோட்டு. நாற்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தவை என்கிறார் அம்மா. எல்லாமே ரயில். ‘ஒய்பி, மண்டபம், மேகம், 8, 125’ என்று ஒவ்வொன்றுக்கும் குறிப்பு இருக்கிறது. ஒரு நாளில் மூன்று, நான்கு படங்களுக்கு மேல் இல்லை. ஒன்றில் ரயிலே இல்லை, பாம்பன் ரயில் பாலம் மட்டும் திறந்து நிற்கிறது. அப்பா இப்போது இல்லை, கேட்கவும் வழியில்லை. இவற்றை வைத்திருப்பதில் ஏதாவது பயன் உண்டா?

அன்புள்ள தம்பி,

உண்டு. இன்றைக்கே அந்த டப்பாவை முகர்ந்து பாருங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை அடித்தால் ஃபிலிம் கெட ஆரம்பித்துவிட்டது, உடனே ஸ்கேன் செய்ய வேண்டும். நம் கடற்கரைச் சூடும் ஈரமும் நெகட்டிவுக்கு எமன். சுருண்டதை இழுத்து நிமிர்த்தாதீர்கள், கீறல் விழும். ஓரத்தை மட்டும் பிடித்து, பட்டர் பேப்பரில் வைத்து, காற்று நன்றாக வரும் அறையில் வையுங்கள்.

அந்த நோட்டு எனக்கு நன்றாகப் புரிகிறது. ‘ஒய்’ என்றால் மீட்டர் கேஜ், அதாவது ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம், ‘பி’ என்றால் பயணிகள் வண்டி இழுக்கும் நீராவி என்ஜின். 8 என்பது லென்ஸின் திறப்பு, 125 என்பது ஷட்டர், அதாவது நொடியில் 125-ல் ஒரு பங்கு. 100 ஸ்பீடு ஃபிலிமுக்கு மேகமூட்டத்தில் சரியான கணக்கு அதுதான். சாதாரணமாக ஓடுகிற வண்டியை அந்த ஷட்டர் வேகத்தில் எடுத்தால் கலங்கிப்போகும். ஆனால் பழைய பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் வந்தது, அதனால் விலை மலிவான கேமராவிலும் என்ஜின் தெளிவாக விழுந்தது. மற்ற இடங்களில், ரயில் படம் எடுக்கும் நாங்கள் ஒரு ஸ்லீப்பர் கட்டையைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துவிட்டு, என்ஜின் முகம் அந்தக் கட்டைக்கு வரும் நொடியில் அழுத்துவோம். கடல் வெளிச்சம் வேறு கேமராவின் ஒளி அளக்கும் மீட்டரை ஏமாற்றும், அது காட்டியபடியே எடுத்தால் கருப்பு என்ஜின் கரிக்கட்டையாகிவிடும். அதனால் உள்ளங்கையை விரித்து அதில் அளந்துகொள்வேன்.

ஒரு நாளில் மூன்று நான்கு படத்துக்கு மேல் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரோலுக்குக் காசு, கழுவக் காசு, பிரிண்டுக்குக் காசு. 36 படம் ஒரு மாதச் சம்பளத்திலிருந்து அடுத்த மாதச் சம்பளம் வரை வர வேண்டும். எடுத்தது விழுந்ததா என்று ரோலைக் கழுவும் வரை தெரியவும் தெரியாது. மண்டபத்தில் ஒரு நாள் காலையிலிருந்து நின்று படம் எடுத்தேன், கேமராவில் படம் எண்ணும் எண் 36-ஐத் தாண்டி 38 காட்டியது. ராத்திரி போர்வைக்குள் கையை விட்டு கேமராவைத் திறந்தால் ஃபிலிம் ஸ்பூலில் மாட்டவே இல்லை, முழுச் சுருளும் டப்பிக்குள்ளேயே இருந்தது. அன்று எடுத்த எந்த வண்டியும் என்னிடம் இல்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு முறை ஃபிலிமை நகர்த்தும் லீவரைத் தள்ளும்போதும் கேமராவின் இடது பக்கத்துத் திருகு கூடவே சுற்றுகிறதா என்று பார்க்காமல் நான் அழுத்தியதில்லை.

உங்கள் அப்பா எடுத்தது இனி யாரும் எடுக்க முடியாத படம். அந்த மீட்டர் கேஜ் தண்டவாளம் 2007-ல் அகலப் பாதையாகிவிட்டது. 1914-ல் திறந்த பாலத்தில் 2022 டிசம்பரோடு வண்டி நின்றது, 2025 ஏப்ரலில் புதுப்பாலம் வந்தது. தேதி தெரியாத படங்களில் பின்னணியைப் பாருங்கள். சாலைப் பாலம் 1988-ல்தான் திறந்தார்கள், வெறும் தூண்கள் மட்டும் தெரிந்தால் அது அதற்கு முந்தைய படம்.

அப்புறம் அந்த ரயில் இல்லாத படம். அதை வீணான படம் என்று தள்ளிவிடாதீர்கள். கப்பலுக்கு வழிவிட, புதுப்பாலத்தில் நடுப்பகுதி அப்படியே மேலே எழும்பும், பழையது இரண்டு கைகளாகப் பிளந்து உயர்ந்தது, அதையும் ஆட்கள் லீவரைச் சுற்றித்தான் தூக்கினார்கள். பாலம் திறந்திருக்கும்போது வண்டி வர முடியாது. ரயிலுக்காக வந்த மனிதர் அதைத் தெரிந்தே ஒரு ஃபிரேம் செலவழித்திருக்கிறார். முதலில் அதை ஸ்கேன் செய்து எனக்கு அனுப்புங்கள். அந்த இரண்டு கைகளுக்கு நடுவே போகிற கப்பல் எது என்று பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.