கயாக் துடுப்பு: திருகி வைப்பதா, நேராக வைப்பதா?

கேள்வி: கயாக் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு வருடம் ஆகப்போகிறது. இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் துடுப்பு வைத்திருக்கிறேன். நடு இணைப்பில் ஒரு பொத்தானும் அது மாட்டிக்கொள்ள மூன்று ஓட்டைகளும் உண்டு. எந்த ஓட்டையில் மாட்டுகிறோமோ அதைப் பொறுத்து, இரு முனையிலும் உள்ள பிளேடுகள் (நீரைத் தள்ளும் தட்டையான பகுதிகள்) ஒரே வாக்கில் நேராகவோ ஒன்றுக்கொன்று திருகியோ நிற்கும். "60 டிகிரி திருகி வை, அப்போதுதான் காற்று தடுக்காது" என்கிறார் கூட வருபவர் ஒருவர். "நேராக வை, கை பிழைக்கும்" என்கிறார் இன்னொருவர். 60-ல் ஓட்டினால் எனக்கு வலது மணிக்கட்டு வலிக்கிறது. புதுத் துடுப்பு வாங்கும் எண்ணம் இருக்கிறது. ஃபெதர், அதாவது இந்தத் திருகல், உள்ளதை வாங்குவதா, இல்லாததையா?

பதில்: முதல் காரியமாக அந்தப் பொத்தானை அமுக்கி 0 டிகிரி ஓட்டைக்கு மாற்றுங்கள். பெரும்பாலான துடுப்புகளில் அது நடு ஓட்டைதான். மற்ற இரண்டும் வலக்கையால் தண்டைச் சுழற்றுவோருக்கு 60, இடக்கையால் சுழற்றுவோருக்கு 60. சில வாரம் அப்படியே ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வலி போகவில்லை, வீக்கமோ மரத்துப்போவதோ இருக்கிறது என்றால் துடுப்பை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி காற்று விஷயம். உங்கள் நண்பர் சொல்வது கதையல்ல. கயாக் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நீருக்குள் இருக்கும் பிளேடு கிட்டத்தட்ட ஒரே இடத்தில் நிற்க, மேலே இருக்கும் பிளேடு படகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில், அதாவது 12 கி.மீ. வேகத்தில், முன்னே பாய்கிறது. எதிர்க்காற்று 20 கி.மீ. என்றால் அந்தப் பிளேடு சந்திக்கும் காற்று 32 கி.மீ. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். ஆகவே காற்றில்லாத நாளில் இருந்ததைப் போல் சுமார் 7 மடங்கு. 600 சதுர செ.மீ. சொச்சம் பரப்புள்ள சாதாரணப் பிளேடில் இது 300, 400 கிராம் எடை அழுத்துவதற்குச் சமம். கேட்க அற்பமாக இருக்கும். கையிலிருந்து தள்ளி, தண்டின் நுனியில், ஒவ்வொரு முறை துடுப்பு வலிக்கும்போதும் அது அழுத்தினால் தோள் சொல்லிவிடும்.

ஆனால் திருகினால் எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 டிகிரியில் காற்றுக்கு முகம் காட்டும் பரப்பு பாதியாகிவிடும். 45-ல் சுமார் 30 சதவீதம் குறையும். 30 டிகிரியில் குறைவது வெறும் 13 சதவீதம். அதனால் "காற்றுக்காக 30-ல் வைத்திருக்கிறேன்" என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். 30 டிகிரி நல்ல கோணம்தான், ஆனால் அது காற்றுக்கானது அல்ல, மணிக்கட்டுக்கானது.

எப்படி என்றால், துடுப்பைப் பிடித்து வழிநடத்துவது ஒரு கைதான். பெரும்பாலோருக்கு வலக்கை. 60-ல் திருகிய துடுப்பில், வலப்பக்கம் இழுத்து முடித்து இடது பிளேடை நீரில் வைக்கும் முன், வலது மணிக்கட்டைப் பின்னால் மடக்கித் தண்டைச் சுழற்றியாக வேண்டும். இடது கைக்குள் தண்டு தளர்வாகச் சுழல வேண்டும். இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தால் இந்தச் சுழற்சி முழுவதும் மணிக்கட்டின் தலையில் விழும். உங்கள் வலிக்குக் காரணம் இதுவாக இருக்கத்தான் அதிக வாய்ப்பு. பிடியைத் தளர்த்தினால் 60-லேயே வலி குறையவும் கூடும்.

சரி, 0 டிகிரியில் மணிக்கட்டு வளையவே வளையாதா? அப்படியும் இல்லை. தண்டைச் செங்குத்தாகத் தூக்கி, மேல் கை கண் மட்டத்துக்கு வரும்படி துடுப்பு வலிப்பவர்களுக்கு, கையை உயர்த்தும்போதே தண்டு தானாகக் கொஞ்சம் பின்னால் திரும்பிவிடும். அந்தத் திருப்பத்துக்கு ஈடாகப் பிளேடும் கொஞ்சம் திருகியிருந்தால்தான் மணிக்கட்டு நேராக நிற்கும். இவர்களுக்கு 30 முதல் 45 வசதி. கைகளை நெஞ்சு மட்டத்துக்குக் கீழேயே வைத்து நிதானமாக நெடுந்தூரம் போகிறவர்களுக்கு 0 முதல் 30 போதும். விங் துடுப்போடு (பிளேடு இறக்கை போலக் குழிந்த பந்தயத் துடுப்பு) பந்தயத்தில் சீறிப் போகிறவர்களில் 60-ஐ ஒட்டி வைப்பவர்கள் உண்டு. அந்த வேகத்துக்கும் கையை உயர்த்தித் துடுப்பு வலிக்கும் அந்த முறைக்கும் அது பொருந்தும். கிரீன்லாந்தின் இனுயிட் மக்களுடைய மரத் துடுப்போ திருகலே இல்லாதது. அதன் பிளேடு அவ்வளவு ஒடுக்கமாக இருப்பதால் காற்றுக்குப் பெரிதாக ஒன்றும் சிக்காது.

உங்கள் கோணத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கோணத்தைச் சிறிது சிறிதாக மாற்றக்கூடிய துடுப்பு ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். அமைதியான நீரில், வலது மணிக்கட்டை நேராக வைத்து, கண்ணை மூடிக்கொண்டு வழக்கம்போல நாலைந்து முறை வலியுங்கள். இடது பிளேடை நீரில் இறக்கியதும் அப்படியே நிறுத்திக் கண்ணைத் திறந்து பாருங்கள். பிளேடின் முகம் (நீரை இழுக்கும் பக்கம்) உங்களை நேராகப் பார்த்து நின்றால் கோணம் சரி. மேல்விளிம்பு முன்னாலோ பின்னாலோ சாய்ந்திருந்தால் 15 டிகிரி மாற்றிவிட்டுத் திரும்பவும் செய்யுங்கள். இரண்டு மூன்று தடவையில் பிடிபட்டுவிடும்.

பக்கக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. அதிகம் திருகிய துடுப்பில் மேல் பிளேடு ஏறக்குறையப் படுத்த வாக்கில் இருக்கும். பக்கத்திலிருந்து திடீரென அடிக்கும் காற்று அதன் அடியில் புகுந்து தூக்கும். அப்போது தண்டைத் தாழ்த்தி வலிப்பதே வழி. பின்காற்றில் நேர்ப் பிளேடு சற்றுத் தள்ளியும் கொடுக்கும். அதற்காக யாரும் துடுப்பு வாங்குவதில்லை.

ஆகவே ஃபெதர் உள்ளதா இல்லாததா என்று பார்க்காமல், கோணத்தை மாற்றக்கூடிய இணைப்பு உள்ளதாக வாங்குங்கள். கடையிலேயே பூட்டி, இரு பிளேடையும் பிடித்து எதிரெதிராகத் திருகிப் பாருங்கள். இணைப்பு ஆடினால் அந்தத் துடுப்பு வேண்டாம். இடக்கைப் பழக்கம் உள்ளவராக இருந்தாலும் வலக்கை அமைப்பே பெரும்பாலும் ஒத்துவரும், பிறர் துடுப்பை வாங்கி ஓட்டவும் வசதி. அமைப்பைச் சரிபார்க்க, வலது பிளேடை முகம் உங்களைப் பார்க்கும்படி தரையில் ஊன்றித் துடுப்பை நிறுத்துங்கள். மேல் பிளேடின் முகம் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அது வலக்கைத் துடுப்பு.

கோணம் முடிவானதும் அதை அடிக்கடி மாற்றாதீர்கள். படகு கவிழப்போகும் நொடியில் கை யோசிக்காது, பழகிய கோணத்தில்தான் நீரை அறையும். கோணம் வேறாக இருந்தால் பிளேடு நீர்மேல் படியாமல் கத்தியாக உள்ளே இறங்கிவிடும், கூடவே நீங்களும். அதனால் புதுக் கோணத்தில் முதல் சில நாட்கள் கரையோரமாகவே, இடுப்பளவு நீரில், இரு பக்கமும் சாய்ந்து துடுப்பை ஊன்றி நிமிரப் பழகுங்கள். இடப்பக்கம் கூடுதலாக. அப்புறம், மேல்தளத்தில் கட்டிவைக்கும் உபரித் துடுப்பையும் அதே கோணத்துக்கு மாற்றிவிடுங்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.