புஷ்மன் பாறை ஓவியங்களில் மனிதர்களுக்கு மான் தலையும் குளம்பும் இருப்பது ஏன்?

"இது வேட்டைக்காரர்கள் போட்ட மாறுவேடமா, இல்லை பழங்குடியினரின் வெறும் கற்பனையா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் இல்லை என்பதே என் பதில். நீங்கள் இணையத்தில் ஏதோ ஒரு படத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்டிருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உங்கள் மீது தவறில்லை, ஏனெனில் தனிப்படமாகப் பார்க்கும் எவருக்கும் அப்படித்தான் தோன்றும்.

நான் தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகரில் வேலை பார்க்கிறேன். சான் மக்கள் எனவும் அழைக்கப்படும் புஷ்மன் மக்களின் ஓவியங்கள் நிறைந்த டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லை. ஊரிலிருந்து வந்த மைத்துனரைக் கேம்பர்க் பகுதியிலுள்ள கேம் பாஸ் என்னும் பாறை ஒதுக்குக்கு அழைத்துச் சென்றபோது அவரும் உங்களைப் போலவே, "தோலைப் போர்த்திக்கொண்டு வேட்டைக்குப் போகிறான், இதில் என்ன அதிசயம் அத்தான்?" என்றார். எங்களுடன் வந்த வழிகாட்டி மறுத்துப் பேசவில்லை. கால்களைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார். அங்கே ஈலண்ட் எனப்படும் மிகப்பெரிய மான் ஒன்று செத்துக்கொண்டிருக்கிறது: தலை தொங்கிவிட்டது, உடல் மயிர் சிலிர்த்து நிற்கிறது, பின்னங்கால்கள் ஒன்றன் மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டிருக்கின்றன. அதன் வாலைப் பிடித்தபடி நிற்கும் மனித உருவத்தின் கால்களும் அதே விதமாகப் பின்னியிருக்கின்றன. பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு இருக்கிறது. வேட்டைக்காரன் தலையில் தோலைப் போர்த்திக்கொள்ளலாம், ஆனால் சாகும் மானைப் போலத் தன் காலைப் பின்னிக்கொண்டு அவன் எதை வேட்டையாட முடியும்?

இந்தப் பாறையை வைத்துத்தான் டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற ஆய்வாளர் தம் விளக்கத்தை உருவாக்கினார். நச்சு அம்பு பட்ட மான் உடனே விழுவதில்லை. தடுமாறி, வியர்த்து, தலை கவிழ்ந்து மெல்லச் சாகிறது. கலஹாரிப் பாலைவனப் பகுதியில் வாழும் சான் மக்களின் நோய் தீர்க்கும் நடனத்தில், பெண்கள் நெருப்பைச் சுற்றி அமர்ந்து கைதட்டிப் பாட, ஆடும் மருத்துவர் வயிற்றுத் தசை இறுகி முன்னே குனிந்து, நடுங்கி, வியர்த்து, இறந்தவரைப் போலவே விழுகிறார். அந்த நிலையில் அவர் ஆவி உலகத்துக்குச் சென்று திரும்புகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. மானின் சாவும் மருத்துவரின் 'சாவும்' ஒன்றுதான் என்பதையும், ஈலண்டின் ஆற்றல் அவருக்குள் இறங்குகிறது என்பதையும் ஓவியர் அந்தக் கால்களில் சொல்லியிருக்கிறார். டிராக்கன்ஸ்பர்க் ஓவியங்களில் குனிந்த உடலும் பின்னால் நீட்டிய கைகளும் மூக்கில் வழியும் இரத்தமும் திரும்பத் திரும்ப வருவதற்கும் இதுவே காரணம்.

கலஹாரி மக்களின் நம்பிக்கையைக் கொண்டு மலைநாட்டு ஓவியத்தை எப்படி விளக்கலாம் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். நான் தொல்லியல் படித்தவன் அல்லன். அறிஞர்களிடையிலும் இதில் கருத்து வேறுபாடு உண்டு, இவ்வுருவங்கள் இறந்தோரின் ஆவிகளே என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். ஆனால் மலைநாட்டுச் சாட்சியமும் நம்மிடம் இருக்கிறது. 1873-இல் ஜோசப் ஓர்பென் என்ற அதிகாரிக்கு லெசோத்தோ நாட்டின் மலோட்டி மலையில் வழிகாட்டிய க்விங் என்ற சான் இளைஞர், மான் தலை மனிதர்களைப் பற்றிக் கேட்டபோது, அவர்கள் இறந்து இப்போது ஆறுகளில் வாழ்பவர்கள் என்றும், ஈலண்டுகளோடு சேர்ந்தே அந்த நடனங்களால் கெட்டுப்போனவர்கள் என்றும் சொன்னார். இறப்பு, நடனம், ஈலண்ட் மூன்றையும் ஒரே மூச்சில் அவர் சேர்த்துச் சொன்னதே எனக்குப் போதுமான ஆதாரமாகப் படுகிறது.

தின்பதற்காக வேட்டையாடிய விலங்குகளைத்தான் வரைந்தார்கள் என்பதும் நிற்காது. பாட்ரிசியா வின்னிகோம்ப் என்ற ஆய்வாளர் தெற்கு டிராக்கன்ஸ்பர்க்கில் ஓவியங்களை எண்ணிப் பதிவு செய்தபோது விலங்குகளில் ஈலண்டே முன்னணியில் இருந்தது. அப்பகுதியில் உலவிய வில்டபீஸ்ட் என்னும் மாட்டைப் போன்ற மானினம் முதலியவை மிக அரிதாகவே வரையப்பட்டிருந்தன. சிறுவனின் முதல் வேட்டை, பெண் பூப்பெய்தும் சடங்கு, திருமணம் என வாழ்வின் திருப்பங்களில் எல்லாம் ஈலண்டுக்கு இடம் கொடுத்த மக்கள் அவர்கள்.

கேள்விக்குத் தொடர்பில்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேறொரு பாறை ஒதுக்கில், நிறம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒருவர் குடிநீர்ப் புட்டியைத் திறந்து ஓவியத்தின் மீது தெளித்துப் படம் எடுத்ததை நேரில் பார்த்தேன். நீர் காயும்போது பாறைக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து படிந்து, வண்ணத்தைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். தடுத்துச் சொன்னதற்கு, மழை படாத பாறையா என்று கேட்டார். மழை படாத இடமாகப் பார்த்துத்தான் அந்த ஓவியர்கள் வரைந்தார்கள்.