காற்றோட்டக் குழி தோண்டும் முன் சுரங்கத்தின் பழைய வரலாற்றை ஏன் தேட வேண்டும்? துளையிட்டு மாதிரி எடுத்துப் பார்த்தால் போதாதா?

போதாது. ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வட்டாரத்தில் நிலவியல் வேலை பார்த்தவன் என்ற முறையில் அழுத்திச் சொல்கிறேன்.

அங்குள்ள பழைய சுரங்கங்களில் கூரையைத் தாங்குவதற்கு நிலக்கரித் தூண்களை விட்டுவிட்டு, நடுவில் இருப்பதை மட்டும் வெட்டினார்கள். எப்போதோ கைவிட்ட அப்படியோர் இடத்தில் நாம் இறக்கும் துளை தூணின் மேல் விழுந்தால், குறையில்லாத நிலக்கரிதான் மாதிரியாக வரும். ‘இங்கே யாரும் வெட்டவில்லை’ என்று அறிக்கை எழுதிவிடுவோம். சில அடி தள்ளி நீர் நிறைந்த குடைவு இருக்கும்.

1975 டிசம்பர் 27 அன்று அதே வட்டாரத்தின் சாஸ்நாலா சுரங்கத்தில், பழைய குடைவுகளில் தேங்கிய நீர் உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து 370க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைக் கொன்றது. நீர் தேங்கிய பழைய வெட்டிலிருந்து 60 மீட்டருக்குள் அனுமதியின்றி வேலை செய்யக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த 60 மீட்டரை எங்கிருந்து அளப்பது? பழைய வரைபடத்திலிருந்துதான். 1970களில் நாட்டுடைமையாவதற்கு முன் இங்கே சிறு தனியார் சுரங்கங்கள் ஏராளம். அவற்றின் வரைபடங்கள் பல, திசைகாட்டி காட்டிய வடக்கை வைத்து வரைந்தவை. அந்த வடக்கு காலப்போக்கில் நகரக்கூடியது. ஒரு பாகை பிசகினாலே 500 மீட்டர் தொலைவில் கிட்டத்தட்ட 9 மீட்டர் விலகிவிடும்.

காற்றோட்டத் திட்டத்துக்கென்றே இன்னோர் ஆபத்தும் உண்டு; எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். காற்றை உறிஞ்சி வெளியேற்றும் பெரிய விசிறி, சுரங்கத்துக்குள் அழுத்தத்தைக் குறைக்கிறது. பழைய குடைவுகளின் விரிசல்கள் தரைவரை எட்டியிருந்தால் அவற்றின் வழியே வெளிக்காற்று இறங்கும். உள்ளே நொறுங்கிக் கிடக்கும் நிலக்கரி அந்தக் காற்றில் மெல்லச் சூடேறித் தானாகவே பற்றிக்கொள்ளும். உயிர்வாயு குன்றிய கெட்ட காற்றும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கு இழுபட்டு வரும். ஜரியாவில் நிலத்தடித் தீ முதலில் பதிவானது 1916இல். அந்த வட்டாரம் இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது. தொழிலாளர்களுக்கு மூச்சுக்காற்று கொடுக்கப் போய்த் தீக்கு ஊட்டிவிடக் கூடாது.

நிலவியல் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. பாறைப் பிளவுகள் நீருக்கும் மீத்தேனுக்கும் வழிவிடும். மாதிரியில் ஜாமா, அதாவது பூமிக்குள்ளேயே வெந்துபோன நிலக்கரி, தென்பட்டால் அருகில் தீப்பாறை, அதாவது உருகிய பாறைக் குழம்பு இறுகியது, ஊடுருவியிருக்கிறது. அதன் ஓரங்களில் பாறை வெடித்துக் கிடப்பதுண்டு. வெட்டியெடுக்கும் ஒரு டன் நிலக்கரிக்கு 10 கன மீட்டருக்கு மேல் மீத்தேன் வெளிவரும் அடுக்கு, வாயு மிக அதிகமுள்ள மூன்றாம் தர அடுக்காகக் கணக்காகும். விசிறியின் அளவும் அதற்கேற்ப மாறும்.

குழிக்கு இடம் குறித்த பிறகு வரைபடம் தேடுவது தவறு. முதலில் ஆவணங்கள், பிறகு தௌராக்களில், அதாவது சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகளில், வாழும் ஓய்வுபெற்ற தொழிலாளர்கள். எந்தக் குளம் ஒரே இரவில் வற்றியது, எந்தச் சுவர் விரிந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கடுத்ததுதான் துளை. துளைகளையும் ஒரே சீரான இடைவெளியில் இடாதீர்கள். தூண்களும் அதே இடைவெளியில் நின்றால், அத்தனை துளைகளும் தூண்களின் மேலேயே விழுந்துவிடும்.